பரணில் கிடக்கும் பழைய செயின்சாவைப் பழுது பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் மேற்கே, குலசேகரம், அருமனை, களியல் என்று கேரள எல்லையை ஒட்டியிருக்கும் ரப்பர் தோட்டத்து ஊர்களில், பழைய செயின்சா, அதாவது மெஷின் வாள், ஒன்று பரணிலோ ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் மூலையிலோ சாக்கு மூடிக் கிடப்பதைக் காணலாம். பால் வற்றிய மரங்களை மறுநடவுக்காக வெட்டும்போதோ, 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலைப் போல ஏதேனும் ஒரு காற்று தோட்டத்தைச் சாய்த்துப் போடும்போதோதான் வீட்டாருக்கு அதன் நினைவு வருகிறது. நினைவு வந்ததும் இறக்கி, பெட்ரோல் ஊற்றி, கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். பல ஆண்டுகள் கெடாமல் கிடந்த வாள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

இதற்குக் காரணம் எளியது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலைத் தவிர வேறு மசகு கிடையாது. சும்மா கிடந்த காலத்தில் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு, அதாவது டயாஃப்ரம், விறைத்துப் போயிருக்கும்; பெட்ரோல் குழாய் வெடித்திருக்கும்; ஆயில் சீலின் விளிம்பு காய்ந்து காற்று கசியும். இவற்றில் எது நேர்ந்தாலும் எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அந்த நிலையில் எஞ்சின் ஓடாமல் இருந்துவிட்டால் நல்லது. பிளக் துளையில் ஒரு கரண்டி பெட்ரோல் விட்டு எப்படியாவது ஓட வைத்துவிட்டால், உலர்ந்த சிலிண்டரில் பிஸ்டன் உரசி ஓரிரு நிமிடங்களிலேயே கீறல் விழுந்துவிடும். ஆகவே உள்ளே பார்த்து முடிக்கும் வரை எஞ்சினை ஓட்டும் எண்ணத்தோடு கயிற்றை இழுக்காமல் இருப்பதே முதல் படி.

எப்படிப்பட்ட வாள் என்று அறிதல்

ஸ்டில் நிறுவனம் கியர் இல்லாமல் ஒருவரே தூக்கி அறுக்கத்தக்க காண்ட்ரா என்ற வாளை 1959இல் கொண்டுவந்தது. ஹஸ்க்வர்னாவின் முதல் செயின்சாவும் அதே ஆண்டில்தான் வந்தது. பின்னர் வந்த 106 சிசி ஸ்டில் 070 ஆசிய நாடுகளின் மர வேலைக்காரர்களிடம் நெடுங்காலம் புழங்கிய வாள். இந்தத் தலைமுறை வாள்களின் உடல் மெக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனது. இக்னிஷனில் பல வாள்களுக்குப் பாயின்ட், அதாவது பொறி வரத் திறந்து மூடும் தொடுமுனைகள், இருக்கும். கைப்பிடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் இருக்காது, அல்லது பெயரளவுக்கே இருக்கும். வாள் எகிறினால் செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக் பரவலாக வரத் தொடங்கியது 1970களில் என்பதால், அதற்கு முற்பட்ட வாளில் அது இருக்காது. உங்கள் கையில் இருப்பதில் பிரேக் இல்லையென்றால், அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: பிஸ்டனும் சிலிண்டரும் நன்றாக இருந்து, உடலில் வெடிப்பு இல்லாமல் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம். பெயின்ட் பளபளக்கும் வாளைவிட அழுக்குப் பிடித்த வாளையே நான் நம்புவேன், ஏனென்றால் அதில் யாரும் எதையும் மறைத்திருக்க மாட்டார்கள்.

சுத்தம் செய்தல்

ரப்பர் மரம் அறுத்த வாளில் மரத்தூளும் பாலும் கலந்து காய்ந்து, தட்டினால் உதிராத ஒரு கட்டியாக, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் மூடிக்குள்ளும் சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையிலும் இறுகியிருக்கும். துடுப்புகள் அடைபட்டால் எஞ்சின் காற்றால் குளிராது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் சீவலாலோ பழைய பல் துலக்கியாலோ சுரண்டி எடுங்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கும் பழக்கம் இங்கே வேண்டாம். மெக்னீசியத் தூள் எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. காற்று வடிகட்டியையும் சைலன்சர் வாயையும் திறந்து பாருங்கள். குளவி கூடு கட்டியிருப்பது சாதாரணம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், மாட்டும்போது எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று தடுமாற வேண்டியிருக்காது. மெக்னீசியத்தில் மரை எளிதில் அழிந்துவிடும் என்பதால், இறுகிய திருகை வலுக்கட்டாயமாகத் திருப்பாமல், துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருப்பது நல்லது.

முதல் சோதனை: பிஸ்டன்

சைலன்சரைக் கழற்றி, பிளக்கை எடுத்துவிட்டு, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை நகர்த்தியபடி வெளியேற்றும் துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கம் மழமழவென்று, பழுப்பு நிறம் படிந்து இருந்தால் கவலையில்லை. செங்குத்தான கீறல்கள் அழுத்தமாக இருந்தால் எஞ்சின் ஏற்கனவே ஒருமுறை ஆயில் குறைந்து ஓடியிருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றியபின் உள்வாங்கும் பக்கத்தையும் இதேபோல் பாருங்கள். கீறல் அந்தப் பக்கம் மட்டும் இருந்தால், கிழிந்த வடிகட்டி வழியே தூசு புகுந்திருக்கிறது என்று பொருள். கீறல் எந்தப் பக்கம் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதிய பிஸ்டன் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

அடுத்து, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) விட்டு ஓர் இரவு வைத்திருந்தால் ஒட்டிப்போன ரிங்குகள் இளகும். பிறகு பிளக்கை மாட்டி, கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து வாளைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். நல்ல எஞ்சினாக இருந்தால் வாள் தன் எடையில் விட்டுவிட்டு, படிப்படியாக இறங்கும். சர்ரென்று இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. மீட்டர் வைத்து அளப்பதானால், ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு, முள் நிற்கும் வரை இழுக்க வேண்டும். 120 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் தாராளமாக வேலை செய்யும். 100க்குக் கீழே இருந்தால் எஞ்சின் ஓடத் திணறும். முன்பே விட்ட ஆயில் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிஸ்டன் மாற்ற வேண்டிய நிலை வந்தால், சிலிண்டரைப் பட்டறையில் கொடுத்து போரிங் செய்யச் சொல்லாதீர்கள். பழைய இருசக்கர வாகனங்களின் இரும்புச் சிலிண்டரைப் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம் என்பதால், பட்டறைக்காரர் நல்லெண்ணத்தோடு அதையே சொல்லக்கூடும். ஆனால் பெரும்பாலான செயின்சா சிலிண்டர்கள் அலுமினியத்தால் ஆனவை. உட்சுவரில் குரோமியமோ நிக்கலோ கொண்ட கடினமான மெல்லிய பூச்சு இருக்கும். அந்தப் பூச்சைக் குடைந்தால் சிலிண்டர் குப்பைக்குத்தான் போகும்.

இரண்டாம் சோதனை: மின்பொறி

பிளக்கில் வயரை மாட்டி, அதன் உலோக உடலைச் சிலிண்டர் துடுப்பில், பிளக் துளையிலிருந்து எட்டத் தொடவைத்துக் கயிற்றை வேகமாக இழுங்கள். துளைக்கு அருகே வைத்தால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலப் பொறி வந்தால் இந்தப் பகுதியைக் கடந்துவிடலாம். பொறி இல்லையென்றால் முதலில் புதிய பிளக்கை 0.5 மி.மீ. இடைவெளி வைத்து முயலுங்கள். அதன்பின் நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு முயலுங்கள். பொறிக்கு மின்சாரம் தரும் காயில் போய்விட்டது என்று தூக்கியெறியப்பட்ட வாள்களில், அந்த வயர் தோல் உரிந்து உடலில் தொட்டுக்கொண்டிருந்தது மட்டுமே கோளாறாக இருப்பதுண்டு.

பாயின்ட் உள்ள வாளில், இந்தப் பகுதியின் ஈரக்காற்றில் பாயின்ட் முனைகளில் படலம் படிந்திருக்கும். மேற்குக் கரையின் தென்மேற்குப் பருவமழையும் அதை அடுத்து வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால், ஆண்டில் பாதிக்கு மேல் காற்றில் ஈரம் இருக்கிறது. பாயின்ட் பெரும்பாலும் கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரமான ஃப்ளைவீலுக்கு அடியில் இருப்பதால், சிலவற்றில் ஃப்ளைவீலில் உள்ள சன்னல் போன்ற துளை வழியே எட்டலாம். மற்றவற்றில் கழற்றியே ஆக வேண்டும். எஞ்சின் சுழலாமல் நிறுத்த, பிஸ்டன் வெளியேற்றும் துளையை மூடிய நிலைக்கு வந்தபின் பிளக் துளை வழியே மெல்லிய நைலான் கயிற்றைச் சுருட்டி உள்ளே விடலாம்; கயிற்றின் நுனி வெளியே இருக்கட்டும். ஃப்ளைவீலை எடுக்கப் புல்லர் பயன்படுத்துங்கள். கிராங்க் முனையைச் சுத்தியலால் அடித்தால் மரையும் பேரிங்கும் கெடும். முனைகளை மிக நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை இழுத்துச் சுத்தம் செய்து, 0.35 முதல் 0.4 மி.மீ. இடைவெளி வைத்தால் பெரும்பாலான வாள்களுக்குப் பொருந்தும். பாயின்ட் முனை அடிக்கடி கருகினால் கண்டன்சரை மாற்ற வேண்டும். காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.25 மி.மீ. அளவுக்கு இடைவெளி வேண்டும்; ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் ஒரு விசிட்டிங் கார்டை நடுவே வைத்துத் திருகை இறுக்கலாம்.

மூன்றாம் சோதனை: பெட்ரோல்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவதும், பொறுமையாகச் செய்தால் அதிகப் பலன் தருவதும் இந்த வேலைதான். வாளை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால், இதன் கார்புரேட்டரில் இருசக்கர வாகனத்தில் இருப்பதுபோல மிதவை இல்லை. அதற்குப் பதில் இரண்டு டயாஃப்ரம்கள் உண்டு. கிராங்க் அறையில் பிஸ்டனால் ஏற்படும் அழுத்தத் துடிப்பு ஒன்றை அசைத்துப் பெட்ரோலை டேங்கிலிருந்து இழுக்கிறது. மற்றொன்று எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி, ஊசியைத் திறந்து மூடுகிறது. விறைத்த டயாஃப்ரம் அசையாது. அசையாவிட்டால் ஊசி திறக்காது.

கார்புரேட்டரைப் பிரித்ததும் டயாஃப்ரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். துணிபோல இளகினால் நல்லது. காய்ந்த வாழைச்சருகுபோல மொறுமொறுத்தால் மாற்றியே ஆக வேண்டும். உடலில் பொறித்திருக்கும் கார்புரேட்டர் எண்ணைச் சொன்னால் டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் ஊசியும் சேர்ந்த தொகுப்பை வாங்கலாம். வாளின் மாடலைச் சொல்லிக் கேட்டால் தவறானது வரலாம். டில்லட்சன், வால்ப்ரோ ஆகிய இரண்டு கார்புரேட்டர் கம்பெனிகளின் தொகுப்புகளும் பழைய கார்புரேட்டர்களுக்கு இன்றும் கிடைக்கின்றன. டயாஃப்ரத்தையும் கேஸ்கெட்டையும் பழையபடி அதே வரிசையில் மாட்டுங்கள். வரிசை மாறினால் எஞ்சின் ஓடாது. உள்ளே இருக்கும் நுண்துளைகளைக் கம்பியால் குத்தாதீர்கள். கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் காற்றால் ஊதினால் போதும். அழுத்தக் காற்று பலமாக அடித்தால் உள்ளிருக்கும் மெல்லிய தகடுகள் தெறிக்கும்.

டேங்கிற்குள் இருக்கும் வடிகட்டியையும் குழாயையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், டேங்கின் சுவரைக் கடக்கும் இடத்தில் வெடித்திருக்கும். எஞ்சின் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிட்டு, மூடியைத் திறந்ததும் ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

இப்போது பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பழைய வகை ரப்பரை ஊறச்செய்து கெடுக்கும். நாள்பட்டால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியே பிரிந்துவிடும். வடிகட்டி கிடப்பதும் அந்த அடியில்தான். எனவே கலவையைச் சிறு அளவில், இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமான அளவே தயார் செய்யுங்கள். பழைய கையேடுகள் ஒரு லிட்டருக்கு 40 மி.லி. ஆயில் சொல்லும், அது அக்காலத்து ஆயிலுக்கான கணக்கு. இன்றைய ஜாசோ எஃப்டி (ஜப்பானியத் தரக் குறியீடு) தர ஆயிலுக்கு 20 மி.லி. போதும் என்பார்கள், பழைய வாளுக்கு நான் 25 மி.லி. விடச் சொல்வேன். அதற்கு மேல் ஊற்றுவது பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்: ஆயில் கூடினால் அதே துளை வழியே போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கரியும் படியும்.

ஓட்டிப் பார்த்து அளவு வைத்தல்

கார்புரேட்டரில் எல் (குறைந்த வேகம்), எச் (முழு வேகம்) என்று குறித்த இரண்டு திருகுகளையும் மெதுவாக, தொடும் வரை மூடி, பிறகு ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்று திறந்து வையுங்கள். பாரும் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) செயினும் மூடியும் மாட்டிய நிலையில், வாளைத் தரையில் வைத்து, பின் கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுங்கள். கையில் தொங்கவிட்டு உதறி இழுப்பது பிரேக் இல்லாத வாளில் ஆபத்தானது. எஞ்சின் சூடானதும், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது திணறினால் எல் திருகைச் சிறிது திறக்க வேண்டும். எச் திருகைக் காதால்தான் வைக்க வேண்டும்: சுமையில்லாமல் முழு வேகத்தில் விட்டால் சத்தம் சற்றுக் கரகரத்து உடைந்து வர வேண்டும், மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு மறைய வேண்டும். கூர்மையாக வீரிட்டுக் கத்தும் வாள் அழகாக ஓடுவதாகத் தோன்றும். உண்மையில் அது பெட்ரோல் குறைந்து சூடேறிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு திருகினாலும் அளவு நிலைக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டபின்னும் வேகம் இறங்காமல் இருந்தால் உடனே நிறுத்துங்கள். கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்களில் ஒன்று கசிகிறது, அல்லது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் விட்டுவிட்டது. கிளட்ச் பக்கத்துச் சீலை எட்டக் கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரும்பாலான வாள்களில் அதற்கு இடது மரை என்பதால் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். சீலிலும் பேரிங்கிலும் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணோடு மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு பேரிங் கடைக்குப் போனால் போதும், கம்பெனி உதிரிபாகம் தேட வேண்டியதில்லை. பேரிங் கேட்கும்போது சி3 இடைவெளி உள்ளதைக் கேளுங்கள். சூடேறும் எஞ்சினுக்கு அதுவே சரி.

செயினும் பாரும்

1946இல் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டின் புழு ஒன்று மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துத் துளைப்பதைப் பார்த்து, அதன் தாடையைப் போன்ற பல் கொண்ட செயினை உருவாக்கினார். இன்றைய செயின்களில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வருவது அதிலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

முதலில் செயினின் பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி அளவு, அறிய, அடுத்தடுத்த மூன்று ரிவிட்டுகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து பாதியாக்குங்கள். 0.404 அங்குலச் செயினுக்கு 5.5 மி.மீ. வட்ட அரமும், 3/8 அங்குலத்துக்கு 5.2 மி.மீ. அரமும், 0.325 அங்குலத்துக்கு 4.8 மி.மீ. அரமும் வேண்டும். 070 போன்ற பெரிய வாள்களில் 0.404 செயினே வழக்கம். அரத்தை முப்பது பாகைச் சாய்வில் பிடித்து, உள்ளிருந்து வெளியே முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். ஒரு பக்கப் பற்கள் முழுவதையும் முடித்தபின் மறுபக்கம் வாருங்கள். எல்லாப் பற்களையும் இருப்பதிலேயே குட்டையான பல்லின் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் நீளமாக இருந்தால் வாள் வளைந்து அறுக்கும். நான்கைந்து முறை தீட்டியபின் முன்மேட்டைத் தட்டை அரத்தால் தேய்த்து, 3/8 செயினில் பல்லைவிட 0.65 மி.மீ., 0.404இல் 0.8 மி.மீ. தாழ்வாக வையுங்கள். வேகமாக அறுக்க வேண்டும் என்று இதைக் கூடுதலாகத் தேய்த்தால் செயின் முரட்டுத்தனமாகக் கடித்து எகிறும்.

அறுக்கும்போது மரத்தூள் செதில் செதிலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவாக விழுந்தால் நிறுத்தித் தீட்ட வேண்டும். எங்கள் பகுதியில் செயின் மழுங்குவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. பால் வெட்டிய ரப்பர் மரத்தின் அடியில், சிரட்டை தாங்கிய கம்பியும் பால் வடியும் தகடும் பட்டைக்குள் மூடிக் கிடக்கும். வெட்டும் முன் அந்த உயரத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்து, கிடைத்ததைப் பிடுங்குங்கள். பனையின் வைரம் பாய்ந்த வெளிப்புறமும் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பாரின் பள்ளத்தை மெல்லிய தகட்டால் சுரண்டி, விளிம்பில் எழும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்து, ஒவ்வொரு முறையும் மேல்கீழாகத் திருப்பி மாட்டுங்கள். செயின் பாரின் அடியில் ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதிய செயினைப் போட்டால் செயினும் சேர்ந்து கெடும். செயினுக்குக் கரி ஆயில், அதாவது வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில், விடுவது நம்மூர்ப் பழக்கம். அதில் உள்ள உலோகத் துகள் ஆயில் பம்ப்பைத் தேய்க்கும், உடம்பிலும் தெறிக்கும். கிடைத்தால் செயின் ஆயில், இல்லையென்றால் புதிய எஸ்ஏஇ 30 ஆயில் போதும். பாரின் நுனியை வெட்டிய கட்டை ஒன்றின் அருகே காட்டி வேகம் கொடுத்தால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். கைப் பம்ப் உள்ள வாளில் அறுக்கும்போது கட்டைவிரலால் அடிக்கடி அழுத்துவதை மறக்கக்கூடாது.

எதற்குப் பயன்படுத்தலாம்

பிரேக் இல்லாத வாளில், பார் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் கண்ணிமைக்கும் முன் முகத்தை நோக்கி எகிறும், நிறுத்த எதுவுமில்லை. எனவே இத்தகைய வாளைத் தரையில் கிடக்கும் தடியைத் துண்டு போடுவதற்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். மரம் ஏறிக் கொப்பு வெட்டவும், புயலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து விசையோடு வளைந்து நிற்கும் மரங்களை வெட்டவும் இது உதவாது. அவற்றைப் பழகிய ஆட்களிடமும் புதிய வாளிடமும் விட்டுவிடுங்கள். கண்ணாடி, காதடைப்பான், உறுதியான பூட்ஸ் ஆகியவை கட்டாயம். அதிர்வு கூடிய வாளைத் தொடர்ந்து பிடித்தால் விரல்கள் மரத்து வெளுக்கும் நோய் வரும் என்பதால், ஒரு டேங்க் முடிந்ததும் ஓய்வு எடுங்கள்.

வைக்கும் விதம்

ஒரு மாதத்துக்கு மேல் வேலையில்லை என்றால், டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை எஞ்சினை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். செயினைக் கழற்றி ஆயிலில் போட்டு வைக்கலாம். ரப்பர் பாலை ஷீட்டாக உறையவைக்கும் ஃபார்மிக் அமிலக் கேன் இருக்கும் அறையில் மட்டும் வாளை வைக்காதீர்கள். அதன் ஆவி மெக்னீசியத்தையும் பாயின்ட்டையும் அரிக்கும். புகைப்புரையும் ஆகாது. சாக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், காற்றோட்டமான இடத்தில் மூடாமல் தொங்கவிட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பிளக்கை எடுத்துவிட்டுக் கயிற்றை மெல்ல இழுத்து எஞ்சினைச் சில சுற்றுகள் சுழற்றி வையுங்கள்.